வாட்டர்லூ இல்லாத பிரதி

1934 மார்ச் 17, சனிக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். குழாயடியில் வரிசை இல்லை. ஐந்து இருபத்தைந்துக்குள் குளித்தாயிற்று. சவரம், திருநீறு, ஒரு குவளை கோப்பி. ஐந்து ஐம்பதிலிருந்து ஆறு நாற்பது வரை மேசையில். பிறகு மூன்று தோசை. ஏழு பதினைந்துக்குக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸை விட்டுப் புறப்பட்டு, ஏழு முப்பத்திரண்டுக்குச் சரக்குக் கொட்டகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். மழை இல்லை.

இவ்வளவும் அன்றைய டைரியில் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து என்ன செய்தேன் என்பது மட்டும் இல்லை. ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் காரணம். பத்து நாளுக்கு முன் சீமையிலிருந்து வந்த பரீட்சை முடிவுத் தாளை விரித்து வைத்து ஐம்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பாடங்களில் நான்கு எப்போதோ தேறியவை. ஐந்தாவது, உலக சரித்திரம், மேல்நிலை. 1932 டிசம்பரில் தோல்வி. 1933 டிசம்பரில் தோல்வி.

என் வயது அப்போது நாற்பத்து மூன்று. ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருபத்து நான்கு வருடச் சேவை. அந்த ஒரு பாடம் தேறினால் மேல் வகுப்புக் கிராணி வேலைக்கு விண்ணப்பம் போடலாம்; தேறாவிட்டால் ஓய்வு பெறும் நாள்வரை கொட்டகையில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கலாம். எங்கள் ஆபீஸ் ஒருவனை ஒரு பாடத்துக்கு மூன்று முறைதான் பரீட்சைக்கு விடும். அதற்குத் தனி லீவு கிடைக்கப் பெரிய கிராணியின் சிபாரிசு வேண்டும். எனக்கு மிச்சம் இருந்தது ஒரு முறை. சிபாரிசுப் பட்டியல் திங்கட்கிழமை மேலே போக வேண்டும்.

எங்கள் பெரிய கிராணி யாழ்ப்பாணத்தவர். கண்டிப்பானவர், நேர்மையானவர், பன்னிரண்டு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்திருக்கிறேன், ஒரு நாள்கூட அநியாயமாக என்னை ஏசியதில்லை. முடிவு வந்த அன்று என் தோளில் கை வைத்து, "கவலைப்படாதையும் காணும். நீர் இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். என் தகப்பனார் கிள்ளான் பாதையில் பத்து தீகா ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்துக்குக் கல் கொட்டிய கூலி என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு தூரம் என்று அவர் எங்கிருந்து அளக்கிறார் என்பது எனக்கும் தெரிந்தது. தோள் சுட்டது. அந்தச் சூடு பத்து நாளாகியும் ஆறவில்லை.

இனிப் பிரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பரீட்சை எழுதும் கிராணிகளுக்கு ஒரு வாசிப்புச் சங்கம் இருந்தது. ஒரு துணிக்கடையின் மாடியில் ஓர் அறை, இரண்டு நீள மேசை, ஒரு சுவர்க்கடிகாரம். பெரிய கிராணிதான் காரியதரிசி. உலக சரித்திரத்துக்கு அந்தச் சங்கத்தில் ஒரே வழிகாட்டிதான். முதலில் அது அச்சுப் புத்தகமாக இருந்ததாம். அதைக் கறையான் தின்பதற்கு முன் ஒருவர் ஆபீஸ் நீளத்தாளில் கையால் பிரதி எடுத்தார். அவர் தேறினார். அவருடைய பிரதியிலிருந்து அடுத்தவர் எடுத்தார், அவரும் தேறினார். அன்றிலிருந்து யார் பரீட்சைக்குப் போனாலும், கடைசியாகத் தேறியவரின் பிரதியிலிருந்து தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். கேள்வியும் பதிலுமாக இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதை மனப்பாடம் செய்ய வேண்டும்.

எடுத்த பிரதியை ஒப்பு பார்ப்பதும் உண்டு. ஆபீஸில் கடிதங்களுக்குச் செய்வது போலவே: ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார், இன்னொருவர் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே போவார். ஒரு காற்புள்ளி தவறினாலும் நிறுத்துவார்கள். பக்கம் முடிந்ததும் அடியில் இருவரும் முதலெழுத்துப் போடுவார்கள். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பிரதி எடுப்பவன் திருத்தக் கூடாது. மூலத்தில் துரை தப்பாக எழுதியிருந்தாலும் தப்பாகவே எழுத வேண்டும். யோசிப்பது அவன் வேலையல்ல. அந்தச் சட்டத்தை என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் அந்தக் கட்டடத்தில் இல்லை. என் பிரதியில் அடித்தல் திருத்தல் ஓர் இடத்தில்கூடக் கிடையாது. சங்கத்தில் எல்லோருக்கும் காட்டுவார்கள்.

எண்பத்தேழாம் பக்கம் நெப்போலியனின் வீழ்ச்சி. பிரதியில் இருந்தபடி: 1814-இல் நெப்போலியன் பதவி துறந்தார், செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பப்பட்டார், 1821-இல் அங்கேயே இறந்தார். இதை 1932-இல் எழுதும்போது என் பேனா நின்றது. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் வாட்டர்லூ என்று ஒரு சண்டை படித்திருந்தேன். அது எங்கே போயிற்று? கால் நிமிடம் யோசித்தேன். இத்தனை பேர் தேறிய பிரதி, நான் யார் கேட்பதற்கு என்று நினைத்து மையைத் தொட்டு மேலே எழுதினேன். அடியில் முதலெழுத்தும் போட்டேன். பரீட்சையிலும் அப்படியே எழுதினேன், இரண்டு முறையும்.

இந்த இரண்டு வருடமும் தோற்றது நான் மட்டுமல்ல. சென்ற வருடம் சங்கத்திலிருந்து ஐந்து பேர் போனோம். சரித்திரத்தில் ஐந்து பேருக்கும் போயிற்று. கேள்விகள் மாறிவிட்டன. முன்பெல்லாம் "விவரிக்க" என்று கேட்டார்கள். இப்போது "ஏன்", "உங்கள் கருத்து என்ன" என்று கேட்கிறார்கள். சங்கத்தில் இதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவர் மை சரியில்லை என்றார், இன்னொருவர் திருத்துகிற துரைக்கு அந்த வருடம் உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்குக் கொட்டகை மூடினோம். ஒன்று நாற்பது ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். கோலாலம்பூரில் புத்தகக் கடை இல்லாமல் இல்லை. ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவன் புதுச் செருப்பு வாங்கினால் அவன் வீட்டுக்கு வருவதற்குள் விலை வீட்டுக்கு வந்துவிடும். சங்கத்து உறுப்பினன் வேறு வழிகாட்டி தேடுகிறான் என்ற சேதி திங்கட்கிழமைக்கு முன் பெரிய கிராணியின் காதுக்குப் போவதை நான் விரும்பவில்லை. போனால் நான் சொல்லித்தான் போக வேண்டும்.

கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து நானூறு அடியில் அந்தக் கடை. காகிதம், மை, பஞ்சாங்கம், பள்ளிப் புத்தகம், தொழுகைப் புத்தகம் எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். மதராஸிலிருந்தும் சீமையிலிருந்தும் சரக்கு எடுப்பவர். என்னைச் சரக்குக் கொட்டகையில் பார்த்திருக்கிறார்.

"வாங்க கிராணியாரே, வாங்க. என்னா, பெட்டி ஏதும் வந்திருக்கா?"

"பெட்டி இல்ல. புஸ்தகம் வேணும். மேல் பரீட்சை, உலக சரித்திரம்."

"மகனுக்கா?"

"எனக்கு."

அவர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "இந்த வயசுலயா?"

"வயசு பரீட்சைத் தாளுல கேக்குறாங்க, எழுதிட்டுத்தான் உக்காருறேன். இதுவரைக்கும் யாரும் எழுந்து போகச் சொல்லல."

"அட, கோச்சுக்காதீங்கலா. உக்காருங்க." மண்ணெண்ணெய்ப் பெட்டி ஒன்றைக் காலால் தள்ளிப் போட்டார். மூன்று புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டி என் மடியில் வைத்தார்.

முதலாவது மதராஸ் அச்சு. அட்டையில் சக்கரவர்த்தியின் படம், பின்னட்டையில் கூந்தல் தைல விளம்பரம். முன்னூறு கேள்வி, முன்னூறு பதில், பதினைந்தே நாளில் வெற்றி என்று போட்டிருந்தது. எந்தப் பதிலும் பத்து வரிக்கு மேல் இல்லை. பிரெஞ்சுப் புரட்சி ஒன்பது வரியில் முடிந்துவிட்டது. அதிலும் ஒரு வரி ஆசிரியர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட பாராட்டு. அதை மூடி வைக்க நான்கு நிமிடம்.

இரண்டாவதைத் திறந்ததும் என் முதுகு நிமிர்ந்தது. தலைப்புகள் தெரிந்தவை, கேள்விகளின் வரிசை தெரிந்தது, முதல் பதிலின் முதல் வாக்கியத்தைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது. எங்கள் பிரதியின் மூலம். கறையான் தின்ற புத்தகத்தின் இன்னொரு பதிப்பு.

நெப்போலியனைத் தேடினேன். அச்சில் அந்த இடத்தில் அடுத்தடுத்து இரண்டு நீண்ட வாக்கியங்கள். இரண்டிலும் "தீவுக்கு அனுப்பப்பட்டார்" என்று வருகிறது. முதலாவது தீவு எல்பா. பிறகு அவர் எல்பாவிலிருந்து தப்பி வருகிறார், நூறு நாள் ஆள்கிறார், 1815 ஜூன் 18-ஆம் தேதி வாட்டர்லூவில் தோற்கிறார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது தீவு, செயின்ட் ஹெலினா. எங்களில் எவரோ ஒருவர் பிரதி எடுக்கும்போது கண் முதல் தீவிலிருந்து இரண்டாவது தீவுக்குத் தாவியிருக்கிறது. நடுவில் இருந்த ஒரு வருடமும் ஒரு யுத்தமும் காணாமல் போய்விட்டன. அதற்குப் பின்னால் வந்த நாங்கள் எல்லோரும் விரல் வைத்து, உரக்க வாசித்து, ஒப்பு பார்த்து, கையெழுத்துப் போட்டு அந்த இல்லாமையைக் காப்பாற்றி வந்திருக்கிறோம்.

சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

"என்னா கிராணியாரே, சரித்திரத்துல அப்படி என்னா தமாஷு?"

"எங்க ஊருல வாட்டர்லூ சண்டையே நடக்கல. இப்பத்தான் பார்க்குறேன்."

"எங்க கடைத்தெருவுல தெனமும் நடக்குது, வந்து பாருங்க" என்றார் அவர்.

அனுமதி கேட்டு அந்த இரண்டு வாக்கியங்களையும் என் டைரியில் எழுதிக்கொண்டேன். மணி மூன்று இருபத்தெட்டு.

இந்த அச்சுப் புத்தகத்தையே வாங்கிவிடலாம் என்று முதலில் தோன்றியது. சங்கத்துக்கும் சந்தோஷம், எனக்கும் பழகிய பாதை, போன வரி திரும்பி வந்துவிடும். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போன வரி என் தோல்விக்குக் காரணமா? அந்த வரி எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். தெரிந்ததை எழுதாமல், எழுதியிருந்ததை எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் பிழையில்லாமல் இருந்தாலும் நான் அதையேதான் செய்வேன். எதிரே பதில் இருந்தால் என் கை தானாக அதைப் பிரதி எடுக்கும். இருபத்து நான்கு வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

மூன்றாவது புத்தகம் மெலிசு. கித்தாப்பால், அதாவது ரப்பர்ப் பால் நிறத்தில் அட்டை, படம் இல்லை. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கேள்வி. கீழே நாலைந்து வரியில் குறிப்பு: இன்ன வரைபடத்தைப் பார், இந்த இரண்டு வருடங்களை ஒப்பிடு, இதற்கு எதிராக என்ன சொல்லலாம் என்று யோசி. அதன் கீழே பக்கம் முழுதும் கோடு போட்ட வெற்றிடம்.

"அது வேணாம்" என்றார் கடைக்காரர். "பதில் இல்லாத புஸ்தகம். மூணு வருஷமாக் கெடக்கு. தோசை கேட்டு வந்தவருக்கு அரிசியும் உளுந்தும் அளந்து குடுத்த மாதிரி, வாங்கிட்டுப் போன ரெண்டு வாத்தியாரும் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க."

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்த கேள்வி: ஐரோப்பாவின் அமைதியைக் கெடுத்ததில் நெப்போலியனுக்குப் பங்கு அதிகமா, அவரை எதிர்த்த அரசர்களுக்கா? சென்ற டிசம்பரில் கிட்டத்தட்ட இதே கேள்வி வந்தது. அதற்குப் பதிலாக எண்பத்தேழாம் பக்கத்தை அப்படியே எழுதிவிட்டு வந்தவன் நான். இப்போது அந்தக் கோடு போட்ட வெற்றிடத்தைப் பார்த்துப் பயந்தேன். எழுத என்னிடம் ஒன்றும் இல்லை என்ற பயம். நேர்மையான பயம் அது. பிரதியைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் பயம் வந்ததில்லை.

"இதைக் கட்டுங்க" என்றேன்.

"கிராணியாரே, திருப்பி எடுக்க மாட்டேன்."

"திருப்பிக் கொண்டாந்தா கதவைச் சாத்துங்க."

நான்கு பதினைந்து ரயிலில் திரும்பினேன். பத்து தீகா தாண்டியதும் ரயில் மெதுவாயிற்று. தண்டவாளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. கூலிகள் ஒதுங்கி நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல்களைப் பார்த்தார்கள். நான் பொட்டலத்தைப் பிரித்துப் புத்தகத்தை வெளியே தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சங்கம் ஆறு மணிக்கு. ஐந்து ஐம்பத்தைந்துக்கு மாடியேறினேன். ஒன்பது பேர் இருந்தார்கள். பெரிய கிராணி மேசையின் தலைப்பக்கத்தில். மேசைமேல் புதிய நீளத்தாள் கட்டு, மைக்கூடு, மிகப் பழைய பிரதி. இந்த வருடம் எல்லோருக்கும் புதிதாக ஒரு நல்ல பிரதி எடுத்துவிடுவது என்றும், அதை நான் எழுதுவது என்றும் போன வாரமே தீர்மானமாகியிருந்தது.

"வாரும் காணும். கெதியா இருந்து தொடங்கும். உம்மட எழுத்துக்குத்தான் எல்லாரும் காத்திருக்கினம்."

நான் உட்காரவில்லை. "ஐயா, எண்பத்தேழாம் பக்கத்துல ரெண்டு வாக்கியம் ஒண்ணாக் கலந்து, நடுவுல இருந்தது விட்டுப்போயிருக்கு."

"எந்தப் பிரதியிலை?"

"எல்லாத்துலயும்."

பெரிய கிராணி பழைய பிரதியைப் புரட்டினார். எண்பத்தேழு. பிறகு என் பிரதி. எண்பத்தேழு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் இறங்கினார்.

"ரெண்டும் ஒண்டுதானே. ஒரு எழுத்துப் பிசகில்லை."

"பிசகில்லைங்கறதுதான் சங்கடம். கிள்ளான்ல இதோட அச்சுப் புஸ்தகம் இருக்கு. பார்த்து எழுதிட்டு வந்திருக்கேன்." டைரியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். "எங்கட பிரதியிலை இல்லையெண்டால்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் படம் வரையும் ஆபீஸில் வேலை செய்பவர். சென்ற வருடம் என்னோடு தோற்ற ஐவரில் ஒருவர். வாய் சும்மா இருக்காது. எட்டிப் பார்த்து டைரியை வாசித்துவிட்டு, "அடடே, அப்ப நம்ப நெப்போலியன் சண்டைக்கே போகாம ரிட்டயராயிட்டாராண்ணே? பென்ஷன் எல்லாம் ஒழுங்கா வந்துச்சா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய கிராணியின் மீசைகூட அசைந்தது.

"உனக்கு வாட்டர்லூ தெரியாதா?" என்று அவரைக் கேட்டேன்.

"தெரியாம என்னாண்ணே? சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"பரீட்சையில எழுதினியா?"

சிரிப்பு நின்றது. "பிரதியில இல்லையே" என்றார் அவர், மெதுவாக.

மற்ற மூவரையும் கேட்டேன். மூவருக்கும் தெரியும். மூவரும் எழுதவில்லை. ஐந்து பேர், ஐந்து மேசை, ஒரே ஊரிலிருந்து போன ஐந்து தாள், ஐந்திலும் வாட்டர்லூ இல்லை. சீமையில் அந்தத் தாள்களைத் திருத்தியவர் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதை ஒவ்வொருவரும் அவரவர் அளவில் நினைத்துப் பார்த்தோம் போலிருந்தது.

பழைய பிரதி பெரிய கிராணியின் கைக்குக் கீழே திறந்தே கிடந்தது. அவருடைய கட்டைவிரல் பக்கத்தின் அடியில், முதலெழுத்துகள் இருக்கும் இடத்தில் அழுந்தியிருந்தது. அச்சிலிருந்து முதல் பிரதி எடுத்தவர் யார் என்று நான் அதுவரை கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

"சரி" என்றார் அவர் கடைசியில். குரலில் கோபம் இல்லை. "பிழை பிழைதான். ரெண்டு வசனத்தையும் ஓரத்திலை எழுதி, நான் கையொப்பம் வைக்கிறன். புதுப் பிரதியிலை உள்ளுக்குச் சேர்த்துப்போடும். முடிஞ்சுது. இரும், தொடங்கும்."

நியாயமான வார்த்தை. இன்னொருவனாக இருந்தால் உட்கார்ந்திருப்பான். நானே பத்து நாளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

"நான் பிரதி எடுக்கலைங்க ஐயா."

"என்ன?"

"எடுக்கல. படிக்கவும் போறதில்ல. வேற வழிகாட்டி வாங்கியிருக்கேன்." மெலிசுப் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்.

அவர் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தார். வெற்றிடம், வெற்றிடம், வெற்றிடம். "இதிலை மறுமொழி எங்கை?"

"நான்தான் எழுதணும்."

"நீரோ?"

அந்தச் சொல்லை அவர் எப்படிச் சொன்னார் என்று டைரியில் எழுத முயன்று முடியாமல் விட்டிருக்கிறேன். ஏளனம் இல்லை. உண்மையான ஆச்சரியம். அதுதான் பொறுக்கவில்லை.

"நான்தான் ஐயா. வேற யாரு? சீமையில இருந்து கேக்குறவங்க உங்க கருத்து என்னான்னு கேக்குறாங்க. எனக்கு ஒரு கருத்து இருக்கான்னு இருபத்து நாலு வருஷமா யாரும் கேட்டதில்ல. கேட்ட ரெண்டு தடவையும் அடுத்தவரு பதிலை எழுதிட்டு வந்தேன். மூணாவது தடவ தப்பா எழுதினாலும் நானே தப்பா எழுதுறேன்."

"ஆத்திரப்படாதையும். தோத்தால் இனி இல்லை, தெரியுமே?"

"தெரியும்."

"சங்கத்தோடை சேர்ந்து படிக்கிறவைக்குத்தான் நான் சிபாரிசு எழுதுறது. அதுதான் வழமை. உமக்கெண்டு நான் மாத்த ஏலாது. மாத்தினால் நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு புத்தகத்தோடை வருவினம்."

"வரட்டுமே" என்றார் படம் வரைபவர். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"மாத்த வேணாம் ஐயா. பட்டியல்ல என் பேரை அடிச்சிடுங்க. எனக்குச் சொந்த லீவு ஆறு நாள் இருக்கு. பரீட்சைக்கு ஆறு நாள் போதும்."

பெரிய கிராணி சிவப்பு மையில் பேனாவைத் தொட்டு, பட்டியலில் என் பெயரின்மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தார். நேர்த்தியான கோடு. அவரிடம்தான் நான் அதைக் கற்றுக்கொண்டேன். என் பிரதியை என்னிடம் நீட்டினார். அது சங்கத்திலேயே இருக்கட்டும் என்றேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மணி ஆறு நாற்பத்தொன்று.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆறு நாள் லீவு சும்மா கிடந்ததல்ல. இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்தது. தீபாவளிக்கு ஈப்போவில் அவள் தங்கை வீட்டுக்கு இருவரும் போவதற்கென்று. இருவருக்கும் ரயில் பாஸுக்குக்கூட எழுதிப்போட்டாயிற்று. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: தீவு, வாட்டர்லூ, கட்டைவிரல், கோடு, லீவு.

அவள் தண்ணீரை வடித்துவிட்டுக் கேட்டாள். "அப்ப ஈப்போ இல்ல."

"எனக்கு இல்ல."

"தோத்துட்டீங்கன்னா?"

"தோத்ததுதான். இனிமே கெடையாது."

"ரெண்டு வருஷமா அந்தப் பிரதியச் சத்தம் போட்டுப் படிச்சீங்களே, காலையில அஞ்சு அம்பதுல இருந்து. எனக்கே பாதி மனப்பாடம். அடுப்படியில நின்னு அந்த இங்கிலீஷ் ராகத்தக் கேட்டு, இது என்னா பஜனைன்னு நெனச்சிருக்கேன். ஒரு நாளாவது நிறுத்தி, இது எப்படின்னு நீங்க யோசிச்சு நான் பார்த்ததில்ல." உலையில் அரிசியைப் போட்டாள். "நான் தனியாவே ஈப்போ போறேன். என் பேருல பாஸ் இருக்குல்ல? எனக்கு ஸ்டேஷன் பேரு படிக்கத் தெரியும்."

"தனியா எப்படிப் போவே?"

"ஏன், நீங்க தனியாப் பரீட்சைக்குப் போகலியா?"

சாப்பிடும்போது, இனிக் காலையில் சத்தம் இருக்காதா என்று மட்டும் கேட்டாள். இருக்காது என்றேன். நல்லது, கொஞ்சம் தூங்கலாம் என்றாள்.

மறுநாள் 18, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். குளித்தேன். கோப்பிக்கு முன்னால், மேசையில் உட்கார்ந்து, முதல் காரியமாக ஆறு நாள் சொந்த லீவுக்கு விண்ணப்பம் எழுதினேன். அதில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் "சொந்த அலுவல்" என்று எழுதுவார்கள், அப்படி எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் அந்தக் கட்டத்தில், பெரிய கிராணி முதலில் வாசிப்பார் என்று தெரிந்தே, "உலக சரித்திரப் பரீட்சை, மூன்றாம் முறை" என்று எழுதி, மை காயும்வரை காத்திருந்து, மடித்தேன்.